மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு வழி சொல்வது யார்?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளியான மறுநாள் நம் தமிழ் நாளேடுகளைப் புரட்டிப் பாருங்கள். பள்ளிச் சீருடையில், அம்மாவும் அப்பாவும் இருபுறம் நிற்க, முடிவுத்தாளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் பிள்ளைகளின் படங்கள் பக்கம் பக்கமாக வந்திருக்கும். தந்தை லாரி ஓட்டுநர், தாயார் தொழிற்சாலை ஊழியர் என்று படத்தின் கீழே எழுதியிருக்கும். எதிர்கால ஆசை என்ன என்று நிருபர் கேட்டிருப்பார். பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். மருத்துவர் ஆக வேண்டும், நம் மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும்!

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று எந்த நாளேடும் தேடிப் போவதில்லை. நாமும் கேட்பதில்லை. சிலர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கிறார்கள், உண்மைதான். சிலர் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. சிலருடைய பெற்றோர் வீட்டை அடமானம் வைத்துப் பெயர் தெரியாத ஊருக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டணம் கட்ட ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மூன்று கூட்டத்துக்கும் இடையே அறிவில் பெரிய வேறுபாடு இல்லை. என்ன தெரிந்திருந்தது, எப்போது தெரிந்தது என்பதில்தான் வேறுபாடு.

ஆகவே இம்முறை நாம் அரசியல்வாதிகளின் அறிக்கைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, மெட்ரிகுலேஷன் கல்லூரியிலோ ஆறாம் படிவத்திலோ காலடி எடுத்து வைத்திருக்கும் மாணவர்களோடும், அவர்களுடைய பெற்றோர்களோடும் நேரடியாகப் பேச விரும்புகிறோம். உரிமை என்று மேடையில் பேசுவது எளிது. விதியைத் தெரிந்துகொள்ளாதவன் எந்த உரிமையைக் கேட்பான்?

முதலில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். "நம்மவர்களில் டாக்டர்களுக்கு என்ன குறைச்சல்?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1905-இல் மருத்துவப் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்தே மலாயாவில் இந்திய மருத்துவர்கள் இருந்து வந்திருக்கிறார்கள், அரசாங்க மருத்துவமனைகளில் ஒரு காலத்தில் நிறையவே இருந்தார்கள். ஆனால் அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்? பெரும்பாலும் நகரத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்த, அரசுப் பணியிலும் தொழில்துறையிலும் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே மருத்துவர் தோட்டத்து டிரஸர்தான்! காய்ச்சலுக்கும் அவர்தான், பிரசவத்துக்கும் அவர்தான். அந்தத் தோட்டத்துப் பிள்ளையின் பேரன்தான் இன்று கிள்ளானிலோ சுங்கை சிப்புட்டிலோ அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து உயிரியல் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் வீட்டில் வழி கேட்க மருத்துவர் எவரும் இல்லை. பழைய மருத்துவர் குடும்பங்களைக் காட்டி இவனுடைய நிலைமையை மறைக்கக் கூடாது.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு இவனுக்கு முன்னால் உள்ள மலிவான வழிகள் இரண்டு. ஒன்று கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன், பெரும்பாலோருக்கு ஓராண்டு, இரண்டு பருவங்கள். மற்றொன்று ஆறாம் படிவம், அதாவது எஸ்.டி.பி.எம்., ஒன்றரை ஆண்டு, மூன்று பருவங்கள். இரண்டுக்கும் வீட்டை விற்க வேண்டியதில்லை. இரண்டின் வழியாகவும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மெட்ரிகுலேஷன் பூமிபுத்ரா மாணவர்களுக்கென்றே தொடங்கப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில்தான் மற்ற இனத்தவருக்குப் பத்து விழுக்காட்டு இடம் திறந்துவிடப்பட்டது. அந்தப் பத்து விழுக்காட்டுக்குள் சீனர், இந்தியர் எல்லாரும் அடக்கம். 2018-ஆம் ஆண்டுக்கு இந்திய மாணவர்களுக்கு 2,200 இடங்கள் என்று அறிவித்தார்கள், கைதட்டினோம். 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டபோதும் தொண்ணூறுக்குப் பத்து என்ற விகிதம் அப்படியே இருந்தது.

இதில் மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளையைப் பாதிப்பது எது? 2002-இல் பல்கலைக்கழக நுழைவுக்குத் தகுதி அடிப்படை என்ற முறை வந்தது. பெயர் அழகான பெயர். ஆனால் தகுதியை அளக்க இரண்டு கோல்கள்! ஒரு பக்கம் கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன் பிரிவு நடத்தும் தேர்வு. இன்னொரு பக்கம் மலேசியத் தேர்வு மன்றம் நடத்தும் எஸ்.டி.பி.எம். பாடத்திட்டம் வேறு, கால அளவு வேறு, தாள் திருத்துவோர் வேறு. கடைசியில் இரண்டிலும் 4.00 வாங்கியவர்களை ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். இரண்டு வெவ்வேறு ஊர்ப் படிக்கல்லால் நிறுத்த அரிசியை ஒரே மூட்டையில் கொட்டி விலை போடுவது போல! இரண்டு தேர்வுகளின் கடினமும் சமம் என்று அமைச்சு சொல்கிறது என்றால் அதற்கான ஆய்வை மக்கள் முன் வைக்கட்டும். அரசியலமைப்பின் 153-ஆவது பிரிவைப் பற்றிய வாதத்தை நாம் இங்கே எடுக்கவில்லை. அளவுகோல் என்ன என்று கேட்பதற்கு அந்தப் பிரிவு எங்கும் தடை சொல்லவில்லை.

முழுப் புள்ளி வாங்கியும் கதவு திறக்காத கதை நமக்குப் புதிதல்ல. 2004-இல் எஸ்.டி.பி.எம்.மில் 4.00 வாங்கிய 128 மாணவர்களுக்கு மருத்துவம் கிடைக்கவில்லை என்று நாடே பேசியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீன மாணவர்கள். அவர்களுடைய சமூகம் கணக்கெடுத்தது, பெயர்ப்பட்டியல் தயாரித்தது, எண்ணைச் சொல்லிக் கேட்டது. அந்த 128 என்ற எண்தான் அமைச்சரவை வரை போனது. நம் பிள்ளைகளில் அந்த ஆண்டு எத்தனை பேர் என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. இதைப் பற்றிக் கீழே மீண்டும் சொல்கிறோம்.

மாணவர்களே, இனி உங்கள் கையில் இருப்பவற்றைப் பார்ப்போம்.

அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தகுதிப்புள்ளி என்பது நூற்றுக்குக் கணக்கிடப்படுகிறது. கல்விக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. இந்தப் பத்தைப் பற்றி நம் வீடுகளில் யாரும் கவலைப்படுவதில்லை. "விளையாட்டெல்லாம் எதுக்கு, உக்காந்து படி" என்பதுதான் நம் வீட்டு மந்திரம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஸ்.டி.பி.எம்.மில் பொதுப்பாடம், உயிரியல், வேதியியல், கணிதம் என்று நான்கு பாடம் எடுக்கிறீர்கள். நான்கிலும் ஏ என்றால் 4.00, கல்விப் பகுதிக்கு முழு 90. ஒரு பாடத்தில் மட்டும் ஏ மைனஸ் வந்துவிட்டால் அந்தப் பாடத்துக்கு 3.67, சராசரி 3.92, கல்விப் பகுதிக்கு 88.2. இழப்பு 1.8 புள்ளி. இப்போது 4.00 வாங்கிய பிள்ளைக்குப் புறப்பாடத்தில் பத்துக்கு 6 என்றும், 3.92 வாங்கிய பிள்ளைக்கு 9 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிள்ளைக்கு 96, இரண்டாம் பிள்ளைக்கு 97.2! எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கிய பிள்ளை பின்னால் நிற்கிறது. மருத்துவ இடத்துக்கான போட்டியில் ஒரு புள்ளி என்பது மிகப் பெரிய இடைவெளி.

ஆகவே ஆறாம் படிவத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே சீருடை இயக்கம் ஒன்று, கழகம் ஒன்று, விளையாட்டு ஒன்று என்று பதிந்துகொள்ளுங்கள். வருகைப் பதிவும் கணக்கு, வகித்த பொறுப்பும் கணக்கு, பள்ளி அளவா மாவட்ட அளவா மாநில அளவா என்பதும் கணக்கு. செயலாளர் பதவிக்கு ஆள் இல்லை என்றால் நீங்கள் கை தூக்குங்கள். சான்றிதழை அன்றைக்கே வாங்கிக் கோப்பில் போடுங்கள், ஆசிரியர் மாற்றலாகிப் போன பிறகு தேடி அலையாதீர்கள்.

அந்தப் பொதுப்பாடத்தையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். அறிவியல் மாணவர்கள் பலர் உயிரியலில் ஏ வாங்கிவிட்டுப் பொதுப்பாடத்தில் சறுக்குகிறார்கள். அது மலாய்மொழியில் கட்டுரை எழுதும் பாடம். நாளேடு படிக்கிற பழக்கம் இருந்தால் ஒழிய கடைசி மாதத்தில் மனப்பாடம் செய்து தேற முடியாது. எஸ்.டி.பி.எம்.மில் ஒரு நன்மை உண்டு. முதல் இரண்டு பருவத் தாள்களில் தவறினால் மறுமுறை எழுத வாய்ப்பு உண்டு. முதல் பருவத்தில் பி வந்துவிட்டது என்று மருத்துவக் கனவை அன்றே புதைத்துவிட வேண்டாம்.

மெட்ரிகுலேஷனுக்குப் போகிறவர்களுக்கு வேறு ஓர் எச்சரிக்கை. அங்கே அறிவியல் பிரிவுக்குள்ளேயே பாடத் தொகுதிகள் உண்டு, அவற்றுள் உயிரியல் இல்லாத தொகுதியும் உண்டு. இயற்பியலும் கணினியும் இருக்கின்றன, வேலை வாய்ப்பு நன்றாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதில் உட்கார்ந்துவிட்டால் மருத்துவக் கதவு அன்றைக்கே மூடப்பட்டது. பதிவு நாளிலேயே கேளுங்கள். தொகுதி மாற முடியுமா என்று அன்றே கேளுங்கள், அடுத்த மாதம் அல்ல. மேலும் ஓராண்டு என்பது பெயருக்குத்தான் ஓராண்டு. போய்ச் சேர்ந்து, தங்குவிடுதி பழகி, வீட்டு நினைப்பு தீர்வதற்குள் முதல் பருவத் தேர்வு வந்து நிற்கும். "முதல் பருவம் பழகட்டும், அடுத்த பருவத்தில் பிடித்துக்கொள்ளலாம்" என்று நினைத்தவர்கள் பிடித்ததில்லை. இரண்டு பருவத்தின் சராசரியைத்தான் பார்க்கிறார்கள்.

இடம் கிடைத்தும் தூரத்தைக் காரணம் காட்டி மறுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளையை லாபுவானுக்கோ கிளந்தானுக்கோ எப்படி அனுப்புவது என்கிறீர்கள். இதே பிள்ளையைப் பிறகு ரஷ்யாவுக்கு அனுப்பத் துணிகிறீர்களே, அது எப்படி?

இன்னும் ஐந்தாம் படிவத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம், எஸ்.பி.எம்.மில் 10 ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற எல்லாருக்கும் இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று அறிவித்தார். வரவேற்றோம். 2025-இல் ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேராது என்று தெரிந்தபோது பல வீடுகளில் அழுகை. அது ஒரு புறம் இருக்கட்டும். அறிவியல் பிரிவு மாணவன் எடுக்கும் பாடங்களை விரல்விட்டு எண்ணுங்கள். மலாய்மொழி, ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒன்பது! ஒன்பதிலும் ஏ வாங்கினாலும் பத்து வராது. பத்தாவது எது? முஸ்லிம் அல்லாத நம் பிள்ளைக்குக் கையில் இருக்கும் பத்தாவது பாடம் தமிழ்மொழி. தமிழ் எடுத்தால் ஏ எண்ணிக்கை குறையும் என்று சொல்லித்தானே இத்தனை காலம் பிள்ளைகளைத் தடுத்தோம்? இப்போது தமிழ் எடுக்காத பிள்ளைக்குத்தான் எண்ணிக்கை குறைகிறது. தமிழ்மொழிக்கு வகுப்பு நடத்த ஆசிரியர் இல்லை என்று பள்ளி சொன்னால், பெற்றோர் சேர்ந்து எழுத்து மூலம் கேளுங்கள். இது மொழிப்பற்று மட்டும் அல்ல, பிள்ளையின் இடம்.

மொழி என்று வந்துவிட்டதால் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறோம். தமிழ்ப்பள்ளியில் நம் பிள்ளை "சிறுநீரகம்" என்று படித்தது. இடைநிலைப்பள்ளியில் அதுவே "புவா பிங்காங்" ஆனது. மெட்ரிகுலேஷனில் அது "கிட்னி". ஒரே உறுப்பை மூன்று மொழியில் மூன்று முறை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சுமை இல்லை. மெட்ரிகுலேஷனில் சேர்ந்த முதல் மூன்று மாதம் நம் பிள்ளைகள் பலர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பாடம் புரியாததல்ல, சொல் தெரியாதது. எஸ்.பி.எம். எழுதி முடிவு வருவதற்குள் இரண்டு மூன்று மாதம் சும்மா கிடைக்கிறதே, அப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி ஐந்தாம் படிவ உயிரியல், வேதியியல் சொற்களை மூன்று மொழியிலும் வரிசையாக எழுதிப் பாருங்கள். செலவு இரண்டு வெள்ளி! பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான எம்.யு.இ.டி.க்கும் அது கைகொடுக்கும். எதிர்காலத்தில் மருத்துவமனை வார்டில் அந்த மூன்று சொல்லும் தேவைப்படும். மலாய்மொழியில் சொன்னதைப் பாதி புரிந்துகொண்டு தலையாட்டும் நம் பாட்டிமார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு மிகுதியாக உள்ள இனம் நம் இனம்தான், பெரியவர்களில் ஏறத்தாழப் பத்தில் மூவருக்கு. இரத்தச் சுத்திகரிப்பு மையங்களின் நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். அவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லக்கூடிய மருத்துவர் ஒரு சலுகை அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

நேர்முகத் தேர்விலும் இதுவே உதவும். மருத்துவத்துக்கு விண்ணப்பித்தவர்களைப் பல்கலைக்கழகங்கள் நேரில் அழைத்துப் பேசுகின்றன. "ஏன் மருத்துவம்?" என்று கேட்டால் "சிறு வயது முதல் என் கனவு" என்று எல்லாரும் சொல்வதைச் சொல்லாதீர்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப் போனவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். பருவ விடுமுறையில் முதியோர் இல்லத்திலோ சுத்திகரிப்பு மையத்திலோ ஒரு வாரம் தொண்டு செய்து பாருங்கள். பயிற்சி மருத்துவர் ஒருவரைத் தேடிப் பிடித்து அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். இரத்தம், வாந்தி, சீழ், இரவு வேலை, திட்டு, மரணம் இவற்றைக் கேட்ட பிறகும் இந்தத் தொழில்தான் வேண்டும் என்று தோன்றினால் அதை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். தோன்றவில்லை என்றால் அதுவும் நல்லதே, இப்போதே தெரிந்துவிட்டது! அப்பா ஆசைப்பட்டார் என்பதற்காக ஐந்தாண்டு படிப்பில் மூன்றாம் ஆண்டில் உடைந்து வீட்டுக்கு வந்த பிள்ளைகள் நம்மிடையே உண்டு. பெற்றோர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், டாக்டர் இல்லையென்றால் வக்கீல் என்ற இரண்டு சொல் அகராதியை நாம் எப்போதுதான் மூடப் போகிறோம்?

இனி பணம். அரசாங்க இடம் கிடைக்காத பிள்ளையின் வீட்டுக்கு முதலில் வருவது அமைச்சரின் அனுதாபம் அல்ல, ஏஜெண்டின் தொலைபேசி அழைப்பு. ஓட்டல் மண்டபத்தில் இலவசக் கருத்தரங்கு, தேநீர், வெள்ளை அங்கி போட்ட மாணவர்களின் காணொளி. "எஸ்.டி.பி.எம்.கூட வேண்டாம், எஸ்.பி.எம். போதும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவப் படிப்பில் சேர இந்நாட்டில் குறைந்தபட்சக் கல்வித் தகுதி வரையறுக்கப்பட்டிருக்கிறது. எஸ்.பி.எம்.மில் அறிவியல், கணிதப் பாடங்களில் குறைந்தது பி, அதன் மேல் எஸ்.டி.பி.எம். அல்லது அதற்கு இணையான தேர்வில் உயிரியல், வேதியியல் உட்பட நல்ல தேர்ச்சி. அதை எட்டாமல் குறுக்கு வழியில் போய்ப் பட்டம் வாங்கி வந்தால், திரும்பி வரும்போது மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவுக்கு என்ன செய்வீர்கள்? ஏஜெண்ட் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்.

அங்கீகாரம் என்ற சொல்லை நம் மக்கள் மிகவும் அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். "உலகச் சுகாதார நிறுவனப் பட்டியலில் இருக்கிறது" என்பது அங்கீகாரம் அல்ல. நமக்குத் தேவை 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் மருத்துவ மன்றம் வைத்திருக்கும் பட்டியல். அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது, எந்தக் காலத்துக்கு என்பதையும் பாருங்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தவர்கள் தனியாக ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும், அதில் தேறுவது சாதாரண காரியம் அல்ல.

கிரிமியாவை மறந்துவிட்டோமா? நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படித்துக்கொண்டிருந்த நேரத்தில், 2005-இல், அந்த மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை மீட்டுக்கொள்ள அரசாங்கம் முடிவு செய்தது. எத்தனை பெற்றோர் அலைந்தார்கள், எத்தனை கூட்டங்கள் நடந்தன! பிறகு 2014-இல் அந்தத் தீபகற்பத்தையே ரஷ்யா தன்னோடு இணைத்துக்கொண்டது. 2022-இல் உக்ரேன் முழுவதும் போர். பல்கலைக்கழகம் நல்லதா என்று மட்டும் கேட்டால் போதாது, அந்த நாடு ஆறு ஆண்டு அமைதியாக இருக்குமா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

உள்நாட்டுத் தனியார் கல்லூரிகளில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் கட்டணம்? மொத்தச் செலவு மூன்று இலட்சம் வெள்ளியைத் தாண்டுவது இப்போது சாதாரணம். பி.டி.பி.டி.என். கடன் முழுவதையும் ஈடுகட்டாது. நம் சமுதாயத்தின் பெயரால் 2001-இல் கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்தபோது தோட்டத்துப் பிள்ளைகளின் விடிவு என்று சொன்னார்கள். அங்கே படித்து வெளிவந்த மருத்துவர்கள் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் மாதம் மூவாயிரம் வெள்ளி சம்பளக்காரர் தம் பிள்ளையை அங்கே அனுப்ப முடிகிறதா என்ற கேள்விக்கு உதவித்தொகை, கடனுதவி என்ற பதிலைத் தவிர வேறு பதில் வரவில்லை. ஊழியர் சேமநிதியை எடுத்துவிட்டு, நகையை விற்றுவிட்டு, மூன்றாம் ஆண்டுக் கட்டணத்துக்கு ஆலோங்கிடம் போய் நிற்பவர்களை நாம் அறிவோம். ஐந்தாண்டுக் கணக்கையும் தாளில் எழுதிப் பார்க்காமல் முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

பட்டம் வாங்கினால் துன்பம் தீர்ந்தது என்ற காலமும் போய்விட்டது. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த முறையில்தான் எடுக்கப்பட்டார்கள். நிரந்தர வேலை இல்லாததால் மேற்படிப்புக்கு வழியில்லாமல் தவித்த அவர்கள், 2021 ஜூலை 26-ஆம் நாள், கோவிட் உச்சத்தில் இருந்தபோது, மருத்துவமனைகளிலிருந்து கருப்புடையில் வெளிநடப்புச் செய்ததைப் பார்த்தோம். அதன் பிறகு சில மாற்றங்கள் வந்தன. ஆனாலும் நல்ல மருத்துவர்கள் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். இதைச் சொல்வது பிள்ளைகளைப் பயமுறுத்த அல்ல. கடனை எவ்வளவு காலத்தில் அடைக்கலாம் என்று கணக்குப் போடும் பெற்றோர், பழைய காலத்து "அரசாங்க டாக்டர்" சம்பளத்தையும் பாதுகாப்பையும் மனத்தில் வைத்துப் போடக் கூடாது என்பதற்காக.

ஆறாம் படிவத்தைத் தோல்வியாக நினைக்கும் மனப்பான்மையும் மாற வேண்டும். மெட்ரிகுலேஷன் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் என்று அதை எண்ணுகிறோம். எஸ்.டி.பி.எம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும் தேர்வு. ஏ லெவலுக்கு நிகரானது, அரசாங்கப் பள்ளியில் ஏறக்குறைய இலவசமாகக் கிடைக்கிறது. மெட்ரிகுலேஷன் சான்றிதழுக்கு வெளியே அந்த மதிப்பு இல்லை. சில இலட்சம் வெள்ளியை மிச்சப்படுத்த ஓர் அரையாண்டு கூடுதலாக உழைப்பது பெரிய விலையா?

விண்ணப்பம் செய்யும் நேரத்தில் தெரிவுகளை நிரப்புவதில்கூட நம் பிள்ளைகள் தனியாக விடப்படுகிறார்கள். எல்லாத் தெரிவிலும் மருத்துவத்தையே போட்டுவிட்டு ஒன்றும் கிடைக்காமல் நிற்பவர்கள் உண்டு. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், உயிர்மருத்துவம் என்று இறங்கு வரிசையில் சிந்தித்து நிரப்ப வேண்டும். கைப்பேசியில் தனியாக உட்கார்ந்து இரவு பதினொன்றரைக்கு நிரப்பாமல், போன ஆண்டு இடம் கிடைத்த அண்ணன் அக்காவையோ ஆசிரியரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

கிடைக்கவில்லை என்றால்? மேல்முறையீட்டுக்கான காலம் சில நாட்களே. தொகுதித் தலைவரைப் பார்க்கலாம், மந்திரியிடம் கடிதம் வாங்கலாம் என்று ஓடுவதற்குள் அந்தக் காலம் முடிந்துவிடும். முதலில் இணையத்தில் மேல்முறையீட்டைச் செய்யுங்கள், பிறகு யாரை வேண்டுமானாலும் பாருங்கள். 2025-இல் 4.00 பெற்ற ஒரு மாணவருக்குக் கேட்ட கணக்கியல் துறை கிடைக்காத செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டதும், கூடுதல் கட்டணத்தில் நேரடிச் சேர்க்கை நடத்தும் வழிகளைப் பற்றிக் கேள்விகள் எழுந்ததும் எப்படி? அந்த மாணவர் தம் தகுதிப்புள்ளியையும், கேட்ட தெரிவுகளையும், வந்த பதிலையும் வெளிப்படையாக முன்வைத்தார். ஆதாரம் இருந்ததால் அமைச்சு பதில் சொல்ல நேர்ந்தது.

உயர்கல்வி அமைச்சிடம் நாம் கேட்பது பெரிய விஷயம் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு அரசாங்க மருத்துவத் துறையிலும் எத்தனை இடம், எஸ்.டி.பி.எம். வழி எத்தனை பேர், மெட்ரிகுலேஷன் வழி எத்தனை பேர், கடைசியாக இடம் பெற்றவரின் தகுதிப்புள்ளி என்ன, நேர்முகத்துக்கு எத்தனை விழுக்காடு. நான்கு வரியில் வெளியிடலாம். இதை வெளியிட்டால் ஏஜெண்டுகளின் வியாபாரம் பாதி படுத்துவிடும், தலைவர்களின் புகைப்பட விழாக்களுக்கும் வேலை குறையும்!

அவர்கள் வெளியிடும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. இவ்வாண்டு மருத்துவத்துக்கு விண்ணப்பித்த நம் மாணவர்கள், இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும், தேர்வு முடிவு, புறப்பாடப் புள்ளி, தெரிவு வரிசை, வந்த பதில் ஆகியவற்றின் நகலை எடுத்து வையுங்கள். அடையாள அட்டை எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டு எங்களுக்கு அனுப்பி வையுங்கள். பெயரை வெளியிட மாட்டோம். எண்ணிக்கையை மட்டும் வெளியிடுவோம். அடுத்த எஸ்.டி.பி.எம். முடிவு வருவதற்குள் நம் கையிலும் ஓர் எண் இருக்க வேண்டும்.